அணைக்கக் கூடாத பெட்டி

அந்த வாரம் முழுக்க அவள் பெட்டியை அணைக்கவே இல்லை.

எந்தப் பெட்டி என்று முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீங்கள் ஃப்ரிட்ஜை நினைத்துக்கொள்வீர்கள். உள்ளங்கையில் அடங்குகிற கேம் பெட்டி, பிள்ளைகள் வைத்து விளையாடுவது. பழசு. சாம்பல் நிறத் திரை. இடது கட்டைவிரலுக்குக் கூட்டல் குறி போல ஒரு பொத்தான், வலதுக்கு இரண்டு உருண்டைப் பொத்தான். முதுகில் கேசட்டைச் செருகினால் விளையாட்டு வரும். அவள் செருகியிருந்த கேசட்டில் விளையாட்டு கிடையாது. வரிசை வரிசையாக எண்களும் எழுத்துகளும்தான். அவற்றை மாற்றி மாற்றி அடுக்கினால் பெட்டி பாடும். அதற்கு நாலே நாலு குரல். இரண்டு கீச்சுக் குரல், ஒரு அடிக்குரல், மிச்சம் ஒன்று வெறும் 'உஸ்'. அந்த உஸ்ஸை நறுக்கித்தான் தாளம் செய்துகொள்ள வேண்டும். இன்னொரு சத்தம் ஆசையாக இருந்தால், இருக்கிற நாலில் ஒன்றின் வாயைப் பொத்த வேண்டும்.

இப்படிப் பாட்டுக் கட்டுகிற பைத்தியங்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்களாம். அவளும் ஒருத்தி. பிழைப்புக்குப் பல் செட் செய்கிற லேபில் வேலை. பிளாஸ்டர் அச்சின் மேல் மெழுகு வைத்து, அதில் ஒவ்வொரு பல்லாக நிறுத்துவாள். ஹெட்போன் கழுத்தில் கிடந்தாலும் அதிலிருந்து 'கீ' என்று ஏதாவது கசிந்துகொண்டே இருக்கும். அதனால் பக்கத்து மேஜை பாலிஷ் அக்கா வைத்த பேர் சில்வண்டு. அந்தப் பேர் வீடு வரைக்கும் வந்து ஒட்டிக்கொண்டது.

சில்வண்டு ஆரம்பித்த பாட்டுகளுக்குக் கணக்கில்லை. முடித்த பாட்டு ஒன்றும் இல்லை. நாலு வரி கட்டுவாள், அது தன் வாலைத் தானே பிடித்துக்கொண்டு சுற்றும், கேட்டுக்கொண்டே இருப்பாள். பிறகு புதிதாக ஒன்று தோன்றும், இது கிடப்பில் போகும். அப்படிப்பட்டவள், நூலகத்தின் கீழ்த்தள ஹாலில் பெட்டிக்காரர்கள் கூடி வாசிக்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் பேர் கொடுத்துவிட்டாள். சனிக்கிழமை மதியம். ஆளுக்கு ஒரு பாட்டு, முழுப் பாட்டாக இருக்க வேண்டும். அதுவரை அவள் பாட்டை அவள் காதைத் தவிர வேறு காது கேட்டதில்லை. இந்தத் தடவையும் முடிக்காமல் விட்டால் இனிமேல் அந்தப் பெட்டியைக் கையில் எடுக்கத் தனக்கே முகம் இருக்காது என்று தோன்றிவிட்டது.

இந்த நிலையில்தான் திங்கட்கிழமை காலையில் பெட்டியைப் போட்டாள். திரை துடைத்து வைத்த மாதிரி இருந்தது. ஒரு வரி இல்லை.

கேசட்டுக்குள் ஒரு பட்டன் செல் உண்டு. பெட்டி அணைந்திருக்கும்போது பாட்டை ஞாபகத்தில் வைத்திருப்பது அதுதான். அது உயிரை விட்டிருந்தது. அதோடு அவளுடைய அத்தனை ஆரம்பங்களும் போயிருந்தன. புதுசு போடலாம், ஆனால் சாதாரணக் கடைச் செல் ஆகாது. ஈயம் வைத்துப் பற்றவைக்கத் தகட்டுக் கால் வைத்த செல் வேண்டும், அது வெளியிலிருந்து வர வேண்டும். வரச் சொல்லிவிட்டு, கை சும்மா இருக்குமா? வெறும் திரையில் ஒரு கீச்சை வைத்தாள். அடுத்ததை வைத்தாள். சாயங்காலம் பார்த்தால் ஒரு பாட்டின் முன்பாதி நின்றுகொண்டிருந்தது, இதுவரை கட்டியதிலேயே நல்லதாக. அப்போதுதான் உறைத்தது. செல் இல்லை. பெட்டியை அணைத்தால் இதுவும் போய்விடும்.

அதனால் அணைக்கவில்லை.

"ராத்திரியுமா ஓடணும்?" என்றார் அவள் புருஷன். பஸ் டிரைவர், அதிகம் பேசாதவர்.

"ஓடணுங்க. சனிக்கிழமை வரைக்கும்."

"போன்ல ரெக்கார்ட் பண்ணி வெச்சுக்கயேன்."

"முடியாத பாட்டை என்னத்த ரெக்கார்ட் பண்றது? அது போட்டோ மாதிரிங்க. இது ஆளு. இன்னும் வளரணும்."

அவர் ஒரு பார்வை பார்த்துவிட்டு, பெட்டிக்குக் கரண்ட் கொடுக்கிற சுவர் சுவிட்சின் மேல் ஒரு பிளாஸ்திரியைக் குறுக்கே ஒட்டினார். அதுதான் அவர் பதில்.

வீட்டில் சுவரிலிருந்து பவர் பேங்குக்கு, வெளியே போகும்போது பவர் பேங்க் மட்டும். அதிலிருந்து ஒரு ஒயர் பெட்டியின் விலாவுக்கு. பெட்டிக்குள் பென்சில் செல்லும் போட்டிருந்தாள், ஆனால் அதை நம்ப முடியாது. ஒயரை உருவினால் பெட்டி உள் செல்லுக்குத் தாவ வேண்டும். சில தடவை தாவும். சில தடவை ஒரு கண் சிமிட்டும். சிமிட்டினால் எல்லாம் முதலிலிருந்து, வெறும் திரை. ஆகவே ஒயரோடு ஒரு துணிப்பையில் படுக்கவைத்து, பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பஸ் ஏறினாள். உட்கார்ந்திருந்த ஒருவர், பச்சைக் குழந்தையோ என்று எழுந்து இடம் கொடுக்கப் பார்த்தார், பையிலிருந்து 'பீப்' என்றதும் மறுபடி உட்கார்ந்துகொண்டார்.

லேபில் பாலிஷ் அக்கா மோட்டாரை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தாள்.

"என்னடி, தூளியா கட்டியிருக்க?"

"அணையக் கூடாதுக்கா. ஒயரைத் தொட்டுடாதீங்க."

"நான் ஏன் தொடறேன்? எனக்கு வீட்ல ரெண்டு கெடக்கு அணையாம."

வேலையில் மனம் நிற்கவில்லை. ஒரு பல்லை நிறுத்துவாள், பையைத் தொட்டுப் பார்ப்பாள். கைக்குச் சூடு தெரிந்தால்தான் மூச்சு வரும். அன்றைக்கு ஒரு பெரியவரின் செட்டில் இடது கோரைப்பல்லை வலதில் வைத்துவிட்டாள். பாலிஷ் அக்கா அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள்.

"இந்த மனுஷன் சிரிச்சா கடிக்க வர்றாருன்னு நெனச்சு எல்லாரும் ஓடிருவாங்க. கழட்டுடி."

கழற்றி மறுபடி வைத்தாள்.

வியாழக்கிழமை, முடிவு ஒன்று கிடைத்தது. பாட்டு தொடங்குகிற அதே வரி, ஆனால் கீழே இறங்கி, மெதுவாக, படி இறங்குகிற கிழவர் மாதிரி ஒவ்வொரு படியிலும் நின்று. நினைத்ததுமே கண் கலங்கிவிட்டது. மதிய இடைவேளையில் தொடக்க வரியையே கடைசியிலும் போட்டு, அங்கே அவசரமாக அதை மாற்றினாள், முதலிலிருந்து ஓட்டிப் பார்த்தாள்.

பாட்டு அந்தக் கிழவரோடு ஆரம்பித்தது.

அந்தக் கேசட்டின் குணம் அப்படி. வரிக்கு ஒரு எண். ஒரே எண்ணைப் பத்து இடத்தில் கூப்பிடலாம், இடம் மிச்சம். ஆனால் ஓரிடத்தில் அந்த வரியை மாற்றினால் கூப்பிட்ட பத்து இடத்திலும் மாறிவிடும். மாற்றுவதற்கு முன் வரியை நகலெடுத்து வேறு எண் கொடுக்க வேண்டும். புதிதாக வந்தவர்கள் முதல் வாரத்தில் சூடு பட்டுக் கற்றுக்கொள்வது இது. இவளுக்கு அவசரத்தில் மறந்துபோயிற்று. மாற்றிய வரியைப் பழையபடி திருப்பித் தர அந்தக் கேசட்டுக்குத் தெரியாது.

பழைய தொடக்கத்தைத் திரும்பக் கட்டப் பார்த்தாள். விரல் மறந்துவிட்டது. எதை வைத்தாலும் கிட்டத்தட்ட வந்தது, அதுவாக வரவில்லை. விசித்திரம் என்னவென்றால், முடிவாக நினைத்த வரி தொடக்கத்தில் நன்றாகவே உட்கார்ந்திருந்தது. கிழவர் இறங்கி வந்ததும் கீச்சுக் குரல்கள் ஓடிவந்து அவரைச் சுற்றிக்கொள்வது போல. அதை விட்டுவிட்டாள். ஆனால் வைத்திருந்த ஒரே முடிவை வாசலில் செலவழித்தாயிற்று. உள்ளே முடிக்க ஒன்றுமில்லை.

வெள்ளிக்கிழமை செல் வந்து சேர்ந்தது. அன்றைக்கென்று நாத்தனாரும் வந்திருந்தாள், கண்ணாடிக் கடையில் வேலை, வாய் ஓயாதவள்.

"செல்லு வந்துருச்சுல்ல அண்ணி, போட வேண்டியதுதானே?"

"போடணும்னா கேசட்டைக் கழட்டணும். கழட்டினா பாட்டு போயிடும்."

"அப்ப போடாத."

"போடாட்டா அணைக்க முடியாது."

"அப்ப அணைக்காத."

"பவர் பேங்க் நின்னுபோச்சுன்னா?"

"அண்ணா," என்று கூப்பிட்டாள் நாத்தனார், "உன் பொண்டாட்டிக்குத்தான் மொதல்ல செல்லு மாத்தணும்."

சில்வண்டுக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் உட்கார முடியவில்லை. சமையலறைக்கும் கூடத்துக்கும் நடந்தாள். ஹெட்போனில் பாட்டு சுற்றிச் சுற்றி வந்தது. எந்த இடத்தில் நிறுத்தினாலும், பேசிக்கொண்டிருக்கும்போதே எழுந்து போனவர் மாதிரி இருந்தது.

சனிக்கிழமை வந்தது. கீழ்த்தள ஹாலில் மடக்கு நாற்காலிகள், தாழ்ந்த கூரை, ஓரத்தில் உடைந்த புத்தக அலமாரிகள். சவுண்டுக்காரர் ஒல்லியான மனிதர், கழுத்தில் இன்சுலேஷன் டேப் வளையம். அவள் பெட்டியை வாங்காமல், அவள் மடியிலேயே வைத்து ஸ்பீக்கர் ஒயரைச் செருகினார். செருகியதும் ஹால் முழுக்க ஒரு இரைச்சல் எழுந்தது. 'ம்ம்ம்ம்' என்று, நிறுத்தாமல். இத்தனை நாள் ஹெட்போனில் கொசு மாதிரி இருந்த அதே ரீங்காரம்தான். பெரிய ஸ்பீக்கரில் லாரி மாதிரி வந்து நின்றது.

"பவர் பேங்க் ஒயரு இரையுதுங்க. உருவிடுங்க, உள்ள செல்லு இருக்குல்ல?"

"உருவ முடியாதுங்க."

"ஏன்?"

சொன்னாள். அவர் தலையைச் சொறிந்தார்.

"சிமிட்டுமா, சிமிட்டாதா?"

"தெரியாது. அதான்."

"இப்படியே வாசிச்சா பாட்டு கேக்காது, இரைச்சல்தான் கேக்கும். உங்களுக்கு முன்னாடி ரெண்டு பேரு இருக்காங்க. அதுக்குள்ள யோசிங்க."

ஓரத்து அலமாரிக்குப் பின்னால் போய் உட்கார்ந்தாள். உருவினால் பாட்டு போகலாம். உருவாவிட்டால் பாட்டு இருக்கும், ஆனால் கேட்காது. பேரைத் திருப்பி வாங்கிக்கொண்டு போய்விடலாமா என்றுகூட எழுந்து நின்றாள். படியில் புருஷன் இறங்கி வந்துகொண்டிருந்தார், வேலை முடிந்து நேராக, காக்கியோடு. முன் வரிசையில் நாத்தனார் போனைத் தூக்கிப் பிடித்துப் பழகிக்கொண்டிருந்தாள். மறுபடி உட்கார்ந்துவிட்டாள்.

ஹெட்போனை மாட்டி, சத்தத்தை முழுக்க ஏற்றினாள். பாட்டை ஓட்டவில்லை. கொசுவை மட்டும் கேட்டாள். ஏறாமல் இறங்காமல் ஒரே இடத்தில் நின்றது. யாரோ ஒருவர் பாடப் போகிறவருக்காகச் சுருதியைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிற மாதிரி. பாட்டை ஒரு வரி ஓட்டினாள். இரண்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டன. பாட்டு முழுவதையும் ஒரேயடியாக ஏற்றவோ இறக்கவோ அந்தக் கேசட்டில் ஓர் இடம் உண்டு. ஒரு படி ஏற்றினாள். இன்னும் சண்டை. இன்னொரு படி. அடுத்த படியில் அடிக்குரல் போய் இரைச்சலின் மேல் உட்கார்ந்தது, பொருத்திய பல் மாதிரி, இடுக்கில்லாமல். அவள் முதுகு சிலிர்த்துவிட்டது. நாலு குரல் பெட்டியில் இன்னொரு குரல் இத்தனை நாளும் இருந்திருக்கிறது. அவள்தான் அதைச் சத்தம் என்று நினைத்திருந்தாள்.

பேர் கூப்பிட்டார்கள்.

"உருவிட்டீங்களா?" என்றார் சவுண்டுக்காரர்.

"இல்லீங்க. அதையும் நல்லா வைங்க."

"எதை?"

"இரைச்சலை."

அவர் அவளை ஒருமுறை பார்த்தார். பிறகு தோளைக் குலுக்கிவிட்டு ஏற்றினார்.

ஹால் இரைந்தது. யாரோ காதைப் பொத்தினார்கள். இரைச்சலுக்குள் கிழவர் படி இறங்கினார். ஒரு படி, நின்று, இன்னொரு படி. காதைப் பொத்தியவர் கையை எடுத்தார். கீச்சுக் குரல்கள் ஓடிவந்தன. உஸ் தாளம் தட்டியது. அவளுக்கு எதிரே யார் இருக்கிறார்கள் என்பதே தெரியவில்லை, கட்டைவிரல்கள் மட்டும் தெரிந்தன. பாட்டு தன் முழு நீளத்துக்கும் போனது, முன்பாதி, பின்பாதி, எல்லாம். முடிய வேண்டிய இடம் வந்தது. அங்கே ஒன்றும் இல்லை என்று அவளுக்குத் தெரியும்.

உஸ்ஸின் வாயை அடைத்தாள். ஒரு கீச்சை அடைத்தாள். இன்னொன்றை. அடிக்குரல் தனியாகக் கொஞ்ச தூரம் நடந்தது, அதையும் அடைத்தாள். நாலு குரலும் போய்விட்டன. 'ம்ம்ம்ம்' மட்டும் நின்றது.

யாரும் கை தட்டவில்லை. பாட்டு இன்னும் முடியவில்லை என்று ஹால் முழுக்க எல்லாருக்கும் தெரிந்திருந்தது. காத்திருந்தார்கள். அவளும் காத்திருந்தாள், யாருக்காக என்று தெரியாமல். பிறகு விலாவில் தொங்கிய ஒயரைப் பார்த்தாள்.

நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்களோ. அவள் அதைப் பிடித்து உருவிவிட்டாள்.

அமைதி அப்படியே விழுந்தது. கத்தரித்த மாதிரி. ஹாலில் யாரோ "ஹா" என்று மூச்சு விட்டது கேட்டது. திரை ஒருமுறை சிமிட்டியது. பிறகு துடைத்து வைத்த மாதிரி ஆனது.

கை தட்டினார்கள். அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். புருஷன் பக்கத்தில் வந்து குனிந்தார்.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது."

"நெஜமாவே?"

"நெஜமாவேங்க." சொல்லும்போது உதடு கோணியது, அழுகையா சிரிப்பா என்று அவளுக்கே விளங்கவில்லை.

நாத்தனார் எடுத்த வீடியோவை வீட்டில் போட்டுப் பார்த்தார்கள். பாட்டு தூரத்தில் எங்கேயோ. கிட்டத்தில் நாத்தனாரின் விசிலும், "எங்க அண்ணி, எங்க அண்ணி" என்று பக்கத்து நாற்காலிக்காரரிடம் சொல்கிற குரலும்.

"நல்லா விழுந்திருக்கா அண்ணி?"

"நீ நல்லா விழுந்திருக்க."

ஞாயிற்றுக்கிழமை கேசட்டைத் திறந்தாள். புருஷன் டார்ச் பிடித்தார். செத்த செல்லை எடுத்து, கால் வைத்த புதுச் செல்லைப் பற்றவைத்தாள், மெழுகில் பல் நிறுத்துகிற அதே கையால். மூடினாள். வெறும் திரையில் ஒரே ஒரு கீச்சு வைத்தாள். அணைத்தாள். போட்டாள். இருந்தது.

இன்னொன்று வைத்தாள். அணைத்தாள். போட்டாள். இருந்தது.

சுவிட்சுக்கு மேலிருந்த பிளாஸ்திரியை அவர் உரித்துக்கொண்டிருந்தார். பின்னால் டொக், டொக் என்று கேட்டுக்கொண்டே இருந்தது. கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார்.

"ஒரு வாரமா அணைக்காம என் உசுர எடுத்த. இப்ப அணைச்சு அணைச்சு எடுக்கறியேம்மா."

"இன்னும் ஒரே ஒரு தடவைங்க," என்றாள். டொக்.