லிஃப்ட் மாமா பீரோவைச் சாய்த்த கதை

எந்தக் கொம்பனாலும் தரையில் தள்ள முடியாத பீரோவை லிஃப்ட் மாமா ஒரே அடியில் கீழே தள்ளினார். அதுவும் ஒற்றைக் கையால். இன்னொரு கையில் டீ டம்ளர் இருந்தது. ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை. பீரோ விழுந்த அதிர்ச்சியில் சலவைக் கடையின் வாஷிங் மெஷின்கள் எல்லாம் தானாக ஓட ஆரம்பித்தன. அவற்றில் ஒன்று ரிப்பேராகி, பிளக் பிடுங்கி, ஓரமாக வைக்கப்பட்டிருந்தது. அதுவும் ஓடியது.

இரண்டு வருஷமாக மாமா இப்படித்தான் சொல்லி வந்தார். நம்பியவர் ஒருவரும் இல்லை. எப்படி நம்புவார்கள்? பீரோ அவருடைய மறைந்த தங்கையின் மகன். தொழில்முறை ஹெவிவெயிட் குத்துச்சண்டை வீரன். அவன் கடை வாசலில் வந்து நின்றால் பட்டப்பகலில் உள்ளே விளக்குப் போட வேண்டும். பீரோ என்ற பெயர் அப்படி வந்ததுதான். மாமாவோ, ஆயுசு முழுக்க லிஃப்ட் ரிப்பேர் பார்த்து ஓய்வு பெற்றவர். அவரைப் பிழிந்து காயப்போட்டால் ஒரு கைக்குட்டை இடம் போதும். அறுந்த லிஃப்ட் கம்பியைப் பல்லால் கவ்விப் பிடித்து ஏழு பேரையும் ஒரு நாய்க்குட்டியையும் காப்பாற்றியதாகச் சொல்வார். கேட்கிறவர் கொஞ்சம் ஏமாளி என்று தெரிந்தால் நாய்க்குட்டி குட்டி போட்டுவிடும்.

ஆனால் பீரோவைச் சாய்த்த கதைக்கு இருந்த மவுசு வேறெதற்கும் இல்லை. அதில் உயிரான இடம் அடி அல்ல, முகம். அடி வந்துகொண்டிருக்கும்போது பீரோவின் முகம் எப்படி இருந்தது என்று மாமா நடித்துக் காட்டுவார். கண்ணைச் சிமிட்டாமல், புருவம் அசையாமல், பஸ்ஸுக்குக் காத்திருப்பவன் மாதிரி சாவகாசமாக எங்கேயோ பார்ப்பார். பிறகு சட்டென்று சரிவார். கடையே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும். எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரிப்பவன் பீரோதான்.

"வழுக்கிடுச்சு மாமா. தரையில சோப்புத் தண்ணி," என்பான், தலையணை உறைகளை மடித்துக்கொண்டே.

அந்தப் பீரோ போன சனிக்கிழமை தோற்றுப்போனான்.

மோத வேண்டியவனுக்குக் காய்ச்சல் என்று கடைசி நேரத்தில் எவனையோ பிடித்து வந்திருந்தார்கள். போஸ்டரில் அவன் படம்கூடக் கிடையாது. தெருவே சலவைக் கடை டிவி முன்னால் கூடியிருந்தது. "முதல் ரவுண்டே தாண்டாது, அந்தப் பையனுக்கு வீட்டுக்குப் போக முன்கூட்டியே வண்டி சொல்லி வையுங்க," என்று மாமா உற்சாகமாக அளந்துகொண்டிருந்தார். மூன்றாவது ரவுண்டில் அந்தப் பையன் வலது கையைச் சுற்றி வீசினான். பீரோ பக்கவாட்டில் சாய்ந்தான். சாய்ந்தவன் சாய்ந்தபடியே கிடந்தான்.

ரெஃபரி எண்ணினார். மாமா கத்தினால் மூன்று தெரு தள்ளித் தூங்குகிற குழந்தை எழுந்து உட்காரும். அப்படிப்பட்டவர் டிவியிடம் ரகசியம் போலச் சொன்னார்: "எழுந்திரு மருமகனே. எழுந்திருடா."

எழுந்திருக்கவில்லை. இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த பீரோவின் அக்கா பெட்டியை எடுக்க மறந்தாள். யாரோ ஒருவரின் வெள்ளைச் சட்டை முதுகில் அது பழுப்பாகப் பதிந்தது. கடை அவளுடையது. நாற்பது தாண்டியும் மாமாவுக்கு அவள் பாப்பாதான்.

அடுத்த மூன்று நாள் தெரு பேசிய பேச்சில் ஒரு லிஃப்டை மொட்டை மாடிவரை ஏற்றியிருக்கலாம். செவ்வாய்க்கிழமை மத்தியானம் அந்தப் பேச்சு கடைக்குள்ளேயே வந்து உட்கார்ந்தது. பீரோவுக்குப் பயிற்சி கொடுக்கும் மாஸ்டர் வந்திருந்தார். அந்தப் பையனோடு மறுபடி மோதச் சம்மதமா இல்லையா என்று சாயங்காலத்துக்குள் அவர் போனில் பதில் சொல்ல வேண்டும். பக்கத்து மருந்துக்கடைக்காரர் தன் கோட்டை வாங்க வந்தவர், வாங்கிய பிறகும் போகவில்லை. பீரோ பின்பக்கம், வரிசையாகத் தொங்கிய உடுப்புகளுக்கு அந்தப்புறம், ஓட்டல் விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தான். அவனுக்குக் காது கேட்காது என்பது போல எல்லாரும் பேசினார்கள்.

"முடிஞ்சுது மாஸ்டர். முப்பத்தஞ்சு வயசு ஆச்சு. இதுக்கு மேல இழுத்தா அசிங்கம்," என்றார் மருந்துக்கடைக்காரர்.

"ஒரு குத்து சார். கண்ணை மூடிட்டு வீசினான், பட்டுத் தொலைச்சிடுச்சு. அதுக்காகப் பத்து வருஷத்தைத் தூக்கிக் குப்பையில போடுவீங்களா?"

"அந்தப் பத்து வருஷத்துல யாரை ஜெயிச்சான்? முட்டி தேஞ்சவன், மூச்சு வாங்கறவன், பேரன் எடுத்தவன்..."

"யோவ், வாயைக் கழுவு," என்று மாமா பாய்ந்தார். "இவன் விட்ட குத்துல ஒருத்தனுக்குக் கடவாய்ப்பல்லு கழண்டு, மூணாவது வரிசையில உக்காந்திருந்தவர் பாப்கார்ன்ல போய் விழுந்துச்சு. அந்த மனுஷன் தெரியாம மென்னு முழுங்கிட்டாரு. இப்ப அவருக்கு வயித்துக்குள்ளயே மெல்லுதாம்!"

"அப்ப உங்களோடயே மறு போட்டி வெச்சிடலாமே மாமா. இவனை முதல்ல சாய்ச்சது நீங்கதானே?" என்றார் மருந்துக்கடைக்காரர்.

எல்லாரும் சிரித்தார்கள். மாமாவும் காலரைத் தூக்கி விட்டுக்கொண்டார். ஆனால் சிரிப்பு ரொம்ப நேரம் நிற்கவில்லை.

"பிடிக்காம பேசறேன்னு நினைக்காதீங்க," என்றார் மருந்துக்கடைக்காரர், குரலைத் தாழ்த்தி. "என் கடைச் சுவத்துல மாட்டியிருக்கறது இவன் போட்டோ. என் கல்யாண போட்டோவைக் கழட்டிட்டு மாட்டினேன், வீட்டுல இன்னும் திட்டு வாங்கறேன். நேத்து அதைப் பாக்கறேன்... கையைத் தூக்கிட்டு நிக்கறான். எனக்கு அவன் படுத்துக் கிடந்ததுதான் தெரியுது. ஜனங்க கடைசியா பாத்ததைத்தான் சார் வெச்சுப்பாங்க."

உடுப்புகளுக்கு அந்தப்புறம் விரிப்பை உதறும் சத்தம் நின்றது. ஹேங்கர்கள் விலகின. பீரோ வெளியே வந்தான். கன்னத்தில் வீக்கம் இன்னும் முழுசாக வடியவில்லை.

"சரின்னு சொல்லிடுங்க மாஸ்டர்," என்றான். "தோத்தா தோத்துட்டுப் போறேன். ஆனா நின்னுட்டுத் தோக்கணும். படுத்துக் கிடந்தவனா வீட்டுல வந்து உக்கார என்னால முடியாது."

"அப்படிச் சொல்லுடா!" என்று மாமா கைதட்டினார். பாப்பா தட்டவில்லை. தலை நிமிராமல் ஒரே மடிப்பின்மேல் பெட்டியைத் திரும்பத் திரும்ப ஓட்டினாள்.

மாஸ்டருக்குத் தெம்பு வந்துவிட்டது. "இங்க பாருங்க சார், இது குருட்டு அதிர்ஷ்டம்தான், நான் காட்டறேன்," என்று போனில் அந்த மூன்றாவது ரவுண்டை மெதுவாக ஓடவிட்டார். எல்லாரும் தலையை நுழைத்தார்கள். எதிராளியின் வலது கை புறப்பட்டது. பின்னால் போய், அகலமாகச் சுற்றி, சொல்லிவிட்டு வருகிற விருந்தாளி மாதிரி வந்தது. பீரோவின் முகம் திரை முழுக்க நின்றது.

"மாமா!" என்று மருந்துக்கடைக்காரர் தொடையைத் தட்டினார். "நீங்க காட்டுவீங்களே, அந்த மூஞ்சி! அச்சு அசல்!"

மாஸ்டருக்கே சிரிப்பு வந்துவிட்டது. பீரோவும் சிரித்து வைத்தான்.

மாமா சிரிக்கவில்லை. திரையில் பீரோ கண் சிமிட்டவில்லை. புருவம் அசையவில்லை. பஸ்ஸுக்குக் காத்திருப்பவன். இத்தனை பெரிய கை இவ்வளவு மெதுவாக இடது பக்கமாக வருகிறது, கழுத்து இம்மி திரும்பவில்லை. இரண்டு வருஷமாக அந்த முகத்தைத்தானே அவர் கடை கடையாக நடித்துக் காட்டிக் கைதட்டல் வாங்கியிருக்கிறார்? கதையில் மற்றதெல்லாம் அவர் திரித்த கயிறு. முகம் மட்டும் கண்ணால் பார்த்தது.

"மாஸ்டர், போன் பண்ணாதீங்க," என்றார்.

"ஏன் மாமா?"

"அன்னைக்கு நான் இவனை அடிச்சேன்ல..."

"பிளக் இல்லாம மெஷின் ஓடுச்சே, அந்தக் கதையா?" என்று மருந்துக்கடைக்காரர் மறுபடி ஆரம்பித்தார்.

"ஓடலை," என்றார் மாமா. "எந்த மெஷினும் ஓடலை."

கடை அவரை விநோதமாகப் பார்த்தது. மாமா காலரை இறக்கி விட்டுக்கொண்டார். சின்னதாக எதையும் சொல்லிப் பழக்கமில்லாத வாய் அது.

"இவன் தோள்ல ஒரு மூட்டை இருந்துச்சு. மூட்டைன்னா சாதா மூட்டையா, ரெண்டு லாரி..." நிறுத்தினார். "சாதா மூட்டை. ஆஸ்பத்திரிப் போர்வை. வலது தோள்ல வெச்சிருந்தான். நான் இடது பக்கமா வந்தேன். டீ டம்ளர் எல்லாம் கிடையாது. அடிக்கவும் இல்ல. கொஞ்சறதுக்குத் தட்டுவோமே, அப்படிப் புறங்கையால கன்னத்துல ஒரு தட்டு. கையை நல்லா ஓங்கி, பயமுறுத்தற மாதிரி பாவ்லா காட்டி, மெதுவாத்தான் கொண்டு வந்தேன். கைக்குழந்தைகூட மூஞ்சியைத் திருப்பும். இவன் திருப்பலை. பட்டதும் அப்படியே திடுக்கிட்டு, மூட்டையோட சரிஞ்சு உக்காந்துட்டான்."

மாஸ்டர் போனைக் கவிழ்த்து வைத்தார்.

"உக்காந்துட்டு, 'யாரு?'ன்னு கேட்டான். நான் ஒரு முழம் தள்ளி நிக்கறேன். பட்டப்பகல். யாருன்னு கேக்கறான். இதை நான் யாருக்கும் சொன்னதில்ல. சிரிப்பு வராதுன்னு விட்டுட்டேன்."

பாப்பா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "நடக்கறப்ப எப்பவும் என்னை வலது பக்கம் வரச் சொல்லுவியேடா," என்றாள் தம்பியிடம். "'ரோட்டுல வண்டி வருதுக்கா, இந்தப் பக்கம் வா'ன்னுவே. வண்டியே வராத சந்துலயும் சொல்லுவே."

"டாக்டர் பாத்துட்டுத்தானே ரிங்ல ஏத்தறாங்க..." என்று ஆரம்பித்த மாஸ்டருக்குக் குரல் பாதியில் இறங்கிவிட்டது. "இடது பக்கம் பாரு, இடது பக்கம் பாருன்னு ரெண்டு வருஷமாக் கத்தறேன். சோம்பேறின்னு திட்டியிருக்கேன்."

மருந்துக்கடைக்காரர் தன் கோட்டை மடியில் வைத்துக்கொண்டு அழுக்குத் துணிமூட்டைமேலேயே உட்கார்ந்துவிட்டார். பிறந்தது முதல் அன்றுவரை மாமா சொன்ன ஒன்றை ஒரு கூட்டம் முழுசாக நம்பியது அதுதான் முதல் தடவை. ஒருவனைத் தவிர.

"வழுக்கிடுச்சு," என்றான் பீரோ. "எத்தனை தடவை சொல்றது? தரையில சோப்புத் தண்ணி. மாமா எதையாவது அளப்பாரு, நீங்களும் கேட்டுட்டு நிக்கறீங்க. மாஸ்டர், போனை எடுங்க."

மாமா எழுந்தார். சத்தமில்லாமல் நடந்து அவனுடைய இடது பக்கம் போய் நின்றார். கையைத் தூக்கி, கன்னத்துக்கு நாலு விரற்கடை தள்ளி, அந்தரத்தில் அப்படியே வைத்தார். லிஃப்ட் கம்பியைப் பிடித்துப் பிடித்துக் காய்த்துப்போன கை. கடையில் இருந்த எல்லாரும் அந்தக் கையைப் பார்த்தார்கள்.

"என்ன மாஸ்டர் யோசிக்கறீங்க?" என்றான் பீரோ. "போட்டிக்கு நாலு மாசம் இருக்குல்ல? நாளைக்கே ஓட ஆரம்பிக்கறேன். எடை குறைக்கணும்னா குறைக்கறேன். ஏன் எல்லாரும் இப்படி முழிக்கறீங்க? அக்கா, நீ எதுக்கு இப்ப அழறே?"

கை அங்கேயே இருந்தது. மாஸ்டர் தலையைக் குனிந்துகொண்டார்.

மாமா மெதுவாக அவன் கன்னத்தைத் தொட்டார். அத்தனை பெரிய உடம்பு தூக்கிவாரிப்போட்டு, பின்னால் இருந்த ஹேங்கர் வரிசையில் மோதியது. உடுப்புகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சரிந்தன. பீரோ கழுத்தை முழுசாகத் திருப்பி, அப்போதுதான் மாமாவைப் பார்த்தான்.

மாமாவுக்குத் தாங்கவில்லை. "டேய் மருமகனே," என்றார். "நான் புளுகு மூட்டைன்னு ஊருக்கே தெரியும். எத்தனை புளுகியிருக்கேன்! இதையும் புளுகுன்னே சொல்லிடுடா. சோப்புத் தண்ணியிலதான் வழுக்குச்சுன்னு சொல்லு. உன் கண்ணு நல்லா இருக்குன்னு சொல்லு. நான் இனிமே செத்தாலும் அந்தக் கதையைச் சொல்ல மாட்டேன்."

பீரோ கீழே விழுந்த ஒரு சட்டையை எடுத்து, தூசி தட்டி, ஹேங்கரில் திரும்ப மாட்டப் பார்த்தான். கொக்கி கம்பியில் மாட்டவில்லை. இடது கோடியில் அவன் கை இரண்டு தடவை வெறும் காற்றில் போய் வந்தது. பாப்பா வந்து சட்டையை வாங்கிக்கொண்டாள்.

"கண்ணு பாக்க டாக்டர் காட்டற அட்டையில இருக்கற எழுத்தெல்லாம் எனக்கு மனப்பாடம் மாமா," என்றான்.

அவன் அழுக்குத் துணிமூட்டையில், மருந்துக்கடைக்காரர் பக்கத்தில் உட்கார்ந்தான். இரண்டு கைகளாலும் முகத்தைத் தேய்த்துக்கொண்டான்.

"அன்னைக்குத் தரை காஞ்சுதான் இருந்துச்சு," என்றான். "நீங்க தட்டினீங்க. நான் விழுந்தேன்."