விறகின் எடை

வியாழக்கிழமை விடிந்தால் தையல்காரருக்குத் தையலில் கை ஓடாது. மெஷினை மூடிவைத்துவிட்டு, சமையலறை மூலையில் அடுக்கியிருக்கும் விறகிலிருந்து பத்துப் பன்னிரண்டு குச்சிகளை உருவிச் சாக்கில் போட்டுக்கொண்டு எதிர்ச்சாரி டீக்கடைக்குப் போவார்.

“என்னண்ணே, உங்க வீட்டு விறகெல்லாம் என் அடுப்புலதான் எரியுது. ஆராய்ச்சிக்காரங்க கேட்டா நான் என்னத்தச் சொல்ல?” என்பார் டீக்கடைக்காரர்.

“வாயை மூடிக்கிட்டு எரிப்பா.”

நூறு வீடுகளுக்குப் புகை குறைந்த அடுப்பைக் கொடுத்து, அதில் எவ்வளவு விறகு செலவாகிறது என்று ஓர் ஆராய்ச்சி நடந்துகொண்டிருந்தது. குறைந்தது இரண்டு பேர் இருக்கிற வீடுதான் கணக்கில் சேரும். பெயர் கொடுத்தபோது இவர் வீட்டில் இரண்டு பேர்தான். அடுப்பு வந்த மாதமே மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். அதற்கப்புறம்தான் எடை பார்க்கும் பெண் வேலைக்கு வந்தாள். முதல் நாள், காகிதத்திலிருந்து கண்ணை எடுக்காமலே, “வீட்டுல ரெண்டு பேர்தானே ஐயா?” என்றாள். இவர் தலை தானாக ஆடிவிட்டது. ஆடின தலையைத் திரும்ப எப்படி நிமிர்த்துவது? அன்றிலிருந்து மனைவி மகள் வீட்டுக்குப் போனாள், சந்தைக்குப் போனாள், சொந்தக்காரப் பெண்ணின் பிரசவத்துக்குப் போனாள்.

“போன மாசமும் பிரசவம்னுதானே சொன்னீங்க?”

“அது வேற பொண்ணும்மா.”

வியாழக்கிழமைதோறும் வந்ததும் அவள் உத்தரத்துக் கொக்கியில் தராசை மாட்டி, விறகுக் கட்டைத் தொங்கவிடுவாள். கட்டு ஆடும். “ஆட்டம் நிக்கட்டும் ஐயா. அதுவரைக்கும் கை வைக்கக்கூடாது” என்பாள். இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று அதையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். அப்புறம் கேள்விகள். என்ன சமைச்சீங்க? கண்ணு எரிஞ்சுதா? தூங்கும்போது இருமல் வந்துச்சா? நாள் முழுக்கத் தையல்காரரும் நாலு பேரிடம் பேசத்தான் செய்கிறார். கையைத் தூக்குங்க, அப்படியே திரும்புங்க, புதன்கிழமை வாங்க. அவ்வளவுதான். இருமினீர்களா என்று கேட்க வேறு யார் இருக்கிறார்கள், சொல்லுங்கள்.

மூன்றாம் மாதக் கடைசியில் அவள் ஒரு மடிக்கணினியோடு வந்தாள். முதல் நாள் அவளே அடுப்பின் வயிற்றில் ஒட்டிவைத்திருந்த பொத்தான் அளவுக் கருவியைப் பெயர்த்தெடுத்து அதில் மாட்டினாள். அடுப்பு எப்போதெல்லாம் சூடானது என்று அதற்குத் தெரியுமாம். திரையில் மற்ற வீடுகளுக்கெல்லாம் மலையும் மடுவுமாக வந்த கோடு, இவர் வீட்டுக்கு மட்டும் துணியில் சுண்ணக்கட்டியால் இழுத்ததுபோல நேராகப் போனது.

“விறகு வாரா வாரம் குறையுது. அடுப்பு ஒருநாள்கூடச் சூடாகலையே ஐயா?”

தையல்காரர் கழுத்தில் தொங்கிய அளவு நாடாவை விரலில் சுற்றினார், அவிழ்த்தார், மறுபடியும் சுற்றினார்.

“அம்மா எங்க?” இந்தத் தடவை அவள் காகிதத்தைப் பார்க்கவில்லை.

“இல்லம்மா. அடுப்பு வந்த மாசமே போயிட்டா.”

வெளியே டீக்கடையில் யாரோ சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

“ஏன் ஐயா சொல்லல?”

“சொன்னா நீ வரமாட்டியே.”

அவள் கணினியை மூடினாள். “நான் கையால எழுதினதா இருந்தா எப்படியாவது பார்த்துக்குவேன். இது தானா எழுதினது. அழிக்க முடியாது. உங்க பேரை எடுத்துருவாங்க. அடுப்பு உங்களுக்குத்தான். பொங்கிச் சாப்பிடுங்க ஐயா, கடைச் சாப்பாடே கதின்னு இருக்காதீங்க.” தராசைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டாள். வாசலில் செருப்பை மாட்டியவள் திரும்பினாள். “இருமல் எப்படியிருக்கு?”

“பரவாயில்லம்மா.”

அதை அவள் எங்கேயும் எழுதிக்கொள்ளவில்லை.

அடுத்த வியாழக்கிழமை, “அண்ணே, விறகு வரலையே!” என்று டீக்கடையிலிருந்து குரல் வந்தது. தையல்காரர் அடுப்பைப் பற்றவைத்து ஒரு ஆழாக்கு அரிசியை உலையில் போட்டார். மிச்ச விறகைக் கயிற்றால் கட்டி, உத்தரத்தில் அப்படியே இருந்த கொக்கியில் மாட்டினார். கட்டு ஆடிற்று. பக்கத்தில் ஒரு ஆள் நிற்கிற இடத்தை விட்டு, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். உலை கொதிக்கத் தொடங்கியிருந்தது. ஆட்டம் இன்னும் நிற்கவில்லை.