ஞாயிற்றுக்கிழமை விற்காத மனிதர்

1

இந்தக் கதை என்னுடையதல்ல. டாலஸ் போகும் விமானத்தில் பக்கத்து இருக்கைக்காரர் தன் நண்பனுக்கு நேர்ந்தது என்று சொன்னது. முடிவுக்கு வரும் நேரத்தில் விமானம் தரையைத் தொட்டது; மனிதர் பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். மற்றதெல்லாம் என்னிடம் இருக்கிறது, முடிவு மட்டும் இல்லை.

2

முதல் தொடக்கம்: 'அரிசோனாவின் செந்நிறப் பாறைகளின் மேல் சூரியன் மெல்ல...' வேண்டாம். அந்த நண்பன் கிருபைராஜுக்கு அன்று பாறை பார்க்க நேரமில்லை.

இரண்டாவது: காரின் முன்பக்கத்திலிருந்து ஆவி சீறியது. இது போதும்.

கலிபோர்னியாவில், மில்பிடாஸில் பார்த்த வேலை போய்விட்டது. டெக்சஸில் ஆலன் என்ற ஊரில் இன்னொன்று கிடைத்திருக்கிறது. திங்கள் காலை அங்கே போய் நிற்காவிட்டால் அந்த வேலையும் இல்லை, அதோடு விசாவும் இல்லை. மனைவி ஜெயலீலா, மகள் ஜோவானாவோடு இரவெல்லாம் ஓட்டி வந்தவனுக்கு, ஞாயிறு காலை ஒரு சிற்றூரில் ரேடியேட்டர் குழாய் வெடித்தது. திறந்த கடை ஒன்றுகூட இல்லை.

(ஊரில் பெரும்பாலோர் மார்மன் என்ற கிறிஸ்தவப் பிரிவினர். ஞாயிற்றுக்கிழமை வாங்குவதுமில்லை, விற்பதுமில்லை. வாசகர் இதை நினைவில் வைத்துக்கொள்ளவும். கிருபைராஜ் மறந்துவிடுவான்.)

3

பூட்டிய கார் பழுதுபார்க்கும் கடையை ஒட்டியே உரிமையாளர் டேலின் வீடு. வெள்ளைச் சட்டை, டை. குடும்பத்தோடு சர்ச்சுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவர் ஓடிவந்து காரைப் பார்த்தார். இந்தக் குழாய் கடையில் இருக்கிறது என்றார். குளிர்ந்த தண்ணீர் கொடுத்தார்.

"எவ்வளவு?" என்று கிருபைராஜ் பர்ஸை எடுத்தான்.

டேலின் முகம் மாறியது. "இன்று நான் எதையும் விற்பதில்லை."

"இரண்டு மடங்கு தருகிறேன்."

டேல் ஓரடி பின்னால் போனார்.

"மூன்று மடங்கு."

"மன்னியுங்கள், நண்பரே." இன்னும் ஓரடி.

"டாடி, ஹி சேட் நோ," என்றாள் ஜோவானா பின்சீட்டிலிருந்து.

ஜெயலீலா சமாதானமாக ஃப்ளாஸ்க் காபியை நீட்டினாள். டேல் தலையசைத்து மறுத்துவிட்டு, வண்டியில் பிள்ளைகளை ஏற்றப் போனார்.

"பாத்தியா? நம்ம கையால குடிக்கக்கூட மாட்டான்."

"அவங்க மதத்துல காபியே குடிக்க மாட்டாங்க. எங்க டீம்ல இருந்த கேரனும் அப்படித்தான். நீங்க எல்லாத்தையும் பர்சனலா எடுத்துக்காதீங்க."

4

டேல் மீது எனக்குச் சந்தேகம். இவ்வளவு நல்லவர் கதைக்கு ஆகாது. ஒரு வரைவில் கையில் துப்பாக்கி கொடுத்துப் பார்த்தேன். அவருக்கு அதைப் பிடிக்கத் தெரியவில்லை. வாங்கி வைத்துவிட்டேன்.

சந்தேகப்பட வேண்டிய ஆள் கிருபைராஜ்தான். ஏனென்றால் அவன் தூத்துக்குடிப் பக்கத்து நாசரேத்துக்காரன். அவன் அப்பாவுக்கு அங்கே சைக்கிள் கடை. கோயிலுக்குப் போகிற குடும்பம் (சர்ச்சை அங்கே கோயில் என்பார்கள்); அப்பா ஞாயிறன்று ஒரு தீப்பெட்டிகூட வாங்கமாட்டார்.

"ஏங்க, உங்கப்பாகிட்ட சண்டே யாராச்சும் காச நீட்டுனா என்ன பண்ணுவாரு?"

"கதவச் சாத்துவாரு."

"பஞ்சர் ஆயிடுச்சு, கொஞ்சம் ஹெல்ப் பண்ணுங்க மாமான்னு தள்ளிட்டு வந்தா?"

கிருபைராஜுக்குத் தெரியும். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அப்பா ஒட்டிக்கொடுப்பார். காசு வாங்கமாட்டார்.

"அப்ப அந்த பர்ஸ மொதல்ல உள்ள வைங்க. போய் சும்மா கேளுங்க."

"என்னால முடியாதுடி. வேலை போனதுலேர்ந்து ரெஃபரல் கேட்டுக் கேட்டே வாய் தேஞ்சுபோச்சு. காசு குடுத்து வாங்குறேன், இல்ல விட்டுடு."

"விட்டுட்டா நாளைக்கு ஆலன்ல யாரு போய் நிப்பா? அந்த பர்ஸா?"

5

முடிவு ஒன்று: டேலே மனம் மாறித் திரும்பி வந்து... (எழுதினேன். கிருபைராஜ் கேட்காமலே தப்பித்துவிடுகிறான். அடித்துவிட்டேன்.)

முடிவு இரண்டு: மறுநாள் கடை திறந்ததும் குழாயை விலை கொடுத்து வாங்குகிறான். கௌரவம் மிஞ்சுகிறது. ஆலனில் அவன் நாற்காலியில் வேறொருவர்... (இதை எழுதக் கை வரவில்லை.)

மூன்றாவது முடிவு என்னிடம் பாதிதான் இருக்கிறது. டேலின் வண்டி நகர்கிறது. கிருபைராஜ் ஓடிப்போய்க் கண்ணாடியைத் தட்டுகிறான். கண்ணாடி இறங்குகிறது. உள்ளே டேல், பைபிளோடு அவர் மனைவி, பின்னால் வகிடெடுத்துச் சீவிய தலைகள். எல்லோரும் அவன் வாயையே பார்க்கிறார்கள்.

அடுத்து அவன் சொல்வதை நீங்கள் எழுதுங்கள். அதற்கு முன் அவன் கையைப் பாருங்கள். பர்ஸ் இன்னும் அதில்தான் இருக்கிறது.