நசுங்காத எலுமிச்சம்பழம்

ட்ராக்டரை விற்கப் போவதாக என் கணவர் தனசேகரன் சொன்னபோது நான் மீன் கழுவிக்கொண்டிருந்தேன்.

"ஞாயித்துக்கிழமை சாயங்காலம் புக்கிட் பாத்தோக் தோட்டக்காரர் வர்றாரு. புடிச்சிருந்தா எடுத்துக்கிட்டுப் போயிடுவாரு" என்றார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, சுவரைப் பார்த்துச் சொன்னார்.

எனக்கு உச்சந்தலைவரை ஏறிவிட்டது. அது சின்ன ட்ராக்டர்தான். ஆனால் அதில் புல் வெட்டித்தான் எங்கள் வீட்டில் உலை கொதித்தது. காலையில் குவீன்ஸ்டவுன் அடுக்குமாடி வீடுகளைச் சுற்றி வெட்டுவோம். ஜூரோங்கில் சதுப்பு நிலத்தை மேடாக்கித் தொழிற்சாலைகள் கட்டிக்கொண்டிருந்த காலம் அது. அங்கே புது ரோட்டு ஓரமெல்லாம் புல் வெட்டும் வேலை திங்கட்கிழமை தொடங்குவதாகப் பேச்சு. அன்றைக்கு ட்ராக்டர் போய் நிற்காவிட்டால் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள்.

அவர் பயமும் எனக்குப் புரியாமல் இல்லை. ட்ராக்டரை இடத்துக்கு இடம் என் கொழுந்தன் மாணிக்கத்தின் லாரியில்தான் ஏற்றிப்போவோம். லாரி உயரம். இரண்டு பலகையைச் சாய்த்து வைத்து ஓட்டி ஏற்றவேண்டும். ஒருநாள் அவர் ஏற்றும்போது முன்பக்கம் தூக்கிக்கொண்டு வண்டி மல்லாந்துவிட்டது. உயிர் பிழைத்தார், வலது கால் முறிந்தது. அன்றிலிருந்து இன்றுவரை ட்ராக்டர் என்ற பேச்சே அவர் வாயில் வந்ததில்லை.

"பலகை வேணாம். தாழ்வா ஒரு ட்ரெய்லர் வாங்கி லாரிக்குப் பின்னாடி மாட்டிக்கலாம்" என்றேன்.

"யாரு பாத்து வாங்குறது?"

"ஏன், எனக்குக் கண்ணு இல்லையா?"

அவர் என் பக்கம் திரும்பினார். "சரி. நீ வாங்கிட்டு வா. அதுல அது பத்திரமா ஏறுறத நான் என் கண்ணால பாக்கணும். பாத்தா விக்கல."

அது போதும் எனக்கு.

சனிக்கிழமை காலை மாணிக்கத்தோடு லவண்டர் ஸ்திரீட்டுக்குப் போனேன். ஜமால் முகம்மது பாய் பழைய வண்டிகள் வாங்கி விற்பவர். இரண்டு ட்ரெய்லர் வைத்திருந்தார். ஒன்று நாலு சக்கரம், பளபளவென்று பச்சைப் பெயிண்ட். இன்னொன்று இரண்டே சக்கரம், கறுப்பு, அழுது வடிந்துகொண்டு மூலையில் கிடந்தது.

மாணிக்கம் பச்சையைப் பார்த்ததும் பெண் பார்க்கப்போன மாப்பிள்ளைபோல் சிரித்தான். "இதான் அண்ணி! நாலு சக்கரம்லா, அசையவே அசையாது."

"கறுப்பையும் பாப்போம்டா."

"அது குப்பை வண்டி மாதிரி இருக்கு. அண்ணன் பாத்தாலே வித்துடுன்னு சொல்லிடும்."

அந்தக் கடைசிப் பேச்சு என்னை அடித்துவிட்டது. அவர் மனம் மாறவேண்டுமே! பச்சையை லாரியில் மாட்டச் சொன்னேன். எதற்கும் காளியம்மன் கோயிலில் பூஜை போடாமல் வீட்டுக்குக் கொண்டுபோவதில்லை என்று நேரே சிராங்கூன் ரோட்டுக்கு விட்டோம்.

குருக்கள் கற்பூரம் காட்டினார். நாலு சக்கரத்துக்கும் முன்னால் நாலு எலுமிச்சம்பழம் வைத்தேன். மாணிக்கம் லாரியை மெல்ல நகர்த்தினான். மூன்று பழம் சப்பென்று நசுங்கியது. பின்பக்கத்து இடது சக்கரப் பழம் மட்டும் ஓரமாக உருண்டு முழுசாகக் கிடந்தது.

"அடடா, பழம் பொழச்சிருச்சு! அண்ணனும் பொழச்சுக்கும், நல்ல சகுனம் அண்ணி!" என்று குதித்தான் மாணிக்கம்.

"சகுனமெல்லாம் ஒண்ணுமில்ல, வேற பழம் வைங்கம்மா" என்றார் குருக்கள்.

வேறு பழம் வைத்தேன். அதுவும் தோல் கீறி உருண்டதே தவிர நசுங்கவில்லை. எனக்குள் என்னவோ உறுத்தியது. பூஜைத் தட்டிலிருந்து ஒரு வெற்றிலையை எடுத்து அந்தச் சக்கரத்துக்கு அடியில் சொருகினேன். வழுக்கிக்கொண்டு போனது. இழுத்தேன். கிழியாமல் வந்தது.

"ரோடு மேடு பள்ளம் அண்ணி. விடுங்கலா, நேரமாகுது."

"தள்ளி நிறுத்து."

தள்ளி நிறுத்தினான். அங்கேயும் வெற்றிலை முழுசாக வந்தது. மற்ற மூன்று சக்கரத்தின் அடியில் நுனிகூட நுழையவில்லை.

"நாலு சக்கரம்னு பேரு, மூணுதான்டா தரையில நிக்குது! சட்டம் முறுக்கிக்கிட்டிருக்கு. ட்ராக்டர ஏத்தி ஒரு வளைவு திரும்பினா என்ன ஆகும்? ஒரு கால் ஒடஞ்சது பத்தாதா உங்கண்ணனுக்கு?"

தெரு என்றும் பார்க்காமல் கத்திவிட்டேன். பூ கட்டுகிறவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். மாணிக்கம் குனிந்து கீழே பார்த்தான், பிறகு லாரியைத் திருப்பினான்.

ஜமால் பாயிடம் திரும்பிப்போய் வெற்றிலையை நீட்டினேன். அவர் சாக்கு விரித்து ட்ரெய்லருக்கு அடியில் படுத்துப் பார்த்தார். எழுந்தபோது முகம் சுண்டிப்போயிருந்தது.

"யா அல்லா! எங்கயோ மோதின வண்டிம்மா. வித்தவன் வளைஞ்ச இடத்துல பெயிண்ட அடிச்சு என் தலையில கட்டிட்டுப் போயிட்டான். நானும் பாக்காம விட்டுட்டேன்."

"போகட்டும் பாய். அந்தக் கறுப்ப வெளிய எடுங்க."

இந்தமுறை அவசரப்படவில்லை. தரையிலிருந்து முழங்கால் உயரம்தான். பின்கதவைச் சாய்த்தால் நீளமான ஏற்றமாகத் தரையில் படிந்தது. மாணிக்கத்தையும் பாயையும் அதன்மேல் ஏறிக் குதிக்கச் சொன்னேன். இரண்டு பேரும் குரங்குபோல் குதித்தார்கள். கீல் அசையவில்லை. பெயிண்ட் இல்லாததால் ஒவ்வொரு பற்றவைப்பும் வெளிச்சமாகத் தெரிந்தது, தடவிப் பார்த்தேன். அழகு எனக்கெதற்கு?

ஞாயிறு மாலை, பூஜையில் இரண்டு பழமும் நசுங்கியபின், பஃபலோ ரோட்டில் எங்கள் வீட்டு முன்னால் அந்தக் கறுப்பு ட்ரெய்லர் நின்றது. அவர் ஊன்றுகோலோடு வாசலில் நின்றார். முகத்தில் ஈயாடவில்லை. ஏறு என்றேன் மாணிக்கத்திடம். அவன் ட்ராக்டர் சக்கரத்தைத் தொட்டான், கையை எடுத்துக்கொண்டான்.

"முடியல அண்ணி. அண்ணன் அடியில மாட்டிக்கிட்டுக் கத்தினது இன்னும் காதுல கேக்குது."

அவனைத் திட்ட வாய் வரவில்லை. புல்தரையில் நான் எத்தனையோ நாள் ட்ராக்டர் ஓட்டியிருக்கிறேன். ஏற்றியது மட்டும் இல்லை. புடவையை இழுத்துச் சொருகிக்கொண்டு ஏறி உட்கார்ந்தேன். ஏற்றத்துக்கு நேராகத் திருப்பினேன்.

"பூவம்மா! முன்பக்கமா ஏத்தாதே!"

அவர் குரல்தான். கால் முறிந்தபிறகு முதல்தடவையாக ட்ராக்டரை ஓட்டும் பேச்சு அவர் வாயில் வந்தது.

"திருப்பு! ரிவர்ஸ்ல ஏத்து. பின்பக்கம் மேல போகட்டும், பாரம் அங்கதான் இருக்கு. அப்பத்தான் தூக்காது!"

திருப்பினேன். ரிவர்ஸ் போட்டேன். "மெதுவா… மெதுவா… நேரா வா…" என்று அவர் நொண்டிக்கொண்டே பக்கத்தில் வந்தார். பெரிய சக்கரம் ஏற்றத்தில் ஏறியது. கீல் ஒரு முனகல் முனகியது, அவ்வளவுதான். ட்ராக்டர் மேலே போய் நின்றது.

அவர் ஊன்றுகோலை மாணிக்கத்திடம் கொடுத்துவிட்டு, சங்கிலியைத் தானே மாட்டி முறுக்கினார். இழுத்துப் பார்த்தார். இன்னும் ஒரு முறுக்கு முறுக்கினார்.

அந்தநேரம் பார்த்துத்தான் புக்கிட் பாத்தோக் தோட்டக்காரர் வந்து சேர்ந்தார். "அட, ஏத்தியே வச்சிட்டீங்களா! அப்படியே கொண்டுபோயிடலாமா?"

"மன்னிக்கணுங்க. விக்கல" என்றார் என் கணவர். "நாளைக்கு ஜூரோங்ல வேலை இருக்கு."

தோட்டக்காரர் அவர் காலைப் பார்த்தார். "இந்தக் காலோடவா? யாரு ஓட்டுவா?"

"ஓட்டுறவ மேல உக்காந்திருக்கா, பாருங்க."

எல்லாரும் அண்ணாந்து என்னைப் பார்த்தார்கள். நான் ஜம்பமாக உட்கார்ந்திருப்பதாக நினைத்திருப்பார்கள். கால் நடுக்கம் நின்றால் அல்லவா இறங்குவதற்கு!