நஞ்சப்பனின் பீங்கான் பல்

எழுபத்துநாலாம் வருஷம் சின்னையன் கோயமுத்தூர் போய், மேல்வரிசைக் கடைவாய்ப் பல்லுக்குத் தங்கத்தில் உறை போட்டுக்கொண்டு எலப்புள்ளிக்குத் திரும்பினான். அன்றிலிருந்து அவன் பங்காளி நஞ்சப்பனுக்குச் சோறு இறங்கவில்லை. தங்கத்தைக்கூடப் பொறுத்திருப்பான். சின்னையன் வந்து மோர் குடித்துவிட்டுப் போனதும் மனைவி பெரியம்மாள் சொன்னதைத்தான் பொறுக்க முடியவில்லை.

“அவரு சிரிச்சா ஊடே வெளிச்சமாயிருதுங்க.”

நஞ்சப்பன் மனசுக்குள் கறுவினான். தங்கத்தைக் கழுதைக்குக் கட்டினாலும் மின்னும். இதில் இவன் சாமர்த்தியம் என்ன இருக்கிறது?

அவனுக்கும் கடைவாயில் ஒரு சொத்தைப் பல் இருந்தது. கஞ்சிக்கோட்டில் பஸ் ஏறி, கோயமுத்தூரில் சின்னையனுக்குப் பல் கட்டிய அதே டாக்டரிடம் போனான்.

“வெள்ளையாப் போடுங்க. கட்டுன பல்லுன்னே தெரியக் கூடாதுங்க.”

“பீங்கான்ல போடலாம். ஆனா இது மெல்லுற பல்லு,” என்றார் டாக்டர். “தங்கம் கடிக்கிற பாரத்துக்குக் கொஞ்சம் அமுங்கிக் குடுக்கும், ஒடையாது. பீங்கான் பார்க்க அழகு, ஆனா அமுங்காது. கெட்டியா எதையாவது கடிச்சா விண்டுரும். முன்பல்லுன்னா நானே பீங்கான் போடச் சொல்லுவேன்.”

“சின்னையனுக்குப் போட்டத எனக்குப் போடாதீங்க.”

பேச்சு அதோடு முடிந்தது. பல் அசல் பல்லாகவே அமைந்தது. ஆனால் உடைந்துவிடுமோ என்ற பயத்தில் நஞ்சப்பன் வாயை இறுக்கி மூடிக்கொண்டே திரிந்தான்.

தை மாதம் குப்பண்ணன் வீட்டுக் கல்யாணம். பந்தி முடிந்து வெற்றிலைத் தட்டு சுற்றியது. சின்னையன் பாக்குவெட்டியை ஒதுக்கிவிட்டு, முழுக் கொட்டைப்பாக்கைத் தங்கப் பல்லில் வைத்துக் கடக்கென்று உடைத்தான். பெண்கள் பக்கம் சிரிப்பு எழுந்தது. பெரியம்மாளும் சிரித்தாள். நஞ்சப்பன் அதைப் பார்த்துத் தொலைத்தான்.

“எனக்கும் ஒரு பாக்கு குடுங்கப்பா!”

மறுபடியும் கடக்கென்று சத்தம். பாக்கு முழுசாகத்தான் இருந்தது. வெள்ளைச் சில்லுகளைத் துண்டில் துப்பிக்கொண்டு எழுந்து போனான்.

வீடு திரும்பும்போது வண்டியில் வெடித்தான்.

“அந்தத் தங்கப் பல்லப் பார்த்துத்தானடி மயங்குன?”

பெரியம்மாள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

“தங்கம் யாருக்கு வேணுங்க? அவரு சிரிச்சாருன்னுதான் சொன்னேன். நம்மூட்டுல நீங்க சிரிச்சு நான் பார்த்ததே இல்லீங்களே.”

நஞ்சப்பன் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். உடைந்த பல் தெரியுமே என்று மூடிக்கொண்டான்.