வெடிக்காத தோட்டாவின் உதை

இதில் உள்ள ஒவ்வொரு சொல்லும் உண்மை. மொன்டானா மாநிலத்தில், டட்டன் கிரீக் தபாலாபீஸ் வாசலுக்கு மேலே அறைந்திருக்கும் எல்க் மான் கொம்பைத் தொட்டுச் சத்தியம். அந்தக் கொம்பைத் தொட்டுப் பொய் சொன்னவனின் துப்பாக்கி அந்த வருஷம் முழுக்க மரத்தைத்தான் சுடும் என்பது ஊரறிந்த விஷயம். ஆகையால் கூட்டியோ குறைத்தோ எதுவும் சொல்லப்படவில்லை.

லைல் ஓஸ்ட்பி மர அறுவை ஆலையில் வேலை பார்ப்பவன். ஒருநாள் ஊர் இரும்புக்கடைச் சுவரில் மாட்டியிருந்த, மேக்னம் என்கிற பெரிய ரகத் துப்பாக்கியை இறக்கி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். தோளில் வைக்கிற அதன் மரக்கட்டையில் பன்றிக் காது போல ஒரு கணு இருந்தது. அவன் அதை வாங்க ஒரே ஒரு காரணம்தான்: அவனுடைய சகலை ராய்ஸிடம் ஒரு மேக்னம் இருந்தது. அதுவரை லைல் வைத்திருந்தது அவன் அப்பா விட்டுப்போன சின்னத் துப்பாக்கி. அதைத் தூக்கிக்கொண்டு மலைக்குப் போனால் வருஷம் ஓர் எல்க் தவறாமல் விழுந்தது. அது ஒரு பெருமையா? டட்டன் கிரீக்கில் சின்னத் துப்பாக்கியால் மானை வீழ்த்தியவனை வேட்டைக்காரன் என்று யாரும் சொல்வதில்லை. பெரிய துப்பாக்கியால் தவறவிட்டவனைத்தான் சொல்வார்கள்.

மேக்னம் வந்தது. லைலின் மனைவி வெர்னாவின் ஃப்ரீசர் காலியானது. அன்றிலிருந்து ஒவ்வொரு குளிர்காலமும் அவளுடைய அக்கா கோரா, அதாவது ராய்ஸின் மனைவி, வெள்ளைக் காகிதத்தில் சுற்றிய இறைச்சிப் பொட்டலங்களோடு பனியை மிதித்துக்கொண்டு வந்து கதவைத் தட்டினாள்.

"எடுத்துக்கடி வெர்னா. எங்க ஃப்ரீசர்ல எடமே இல்ல. நீ வாங்கிக்கிட்டா எனக்குத்தான் உதவி."

வருஷா வருஷம் அதே பேச்சு, அதே சிரிப்பு. பொட்டலத்தைப் பிரித்தால் கழுத்தும் முழங்காலும் இருக்கும். எவ்வளவு வேகவைத்தாலும் செருப்புத்தோல். முதுகுக் கறி எந்த வருஷமும் வழிதவறிக்கூட அந்தப் பக்கம் வந்ததில்லை. வெர்னா நன்றி சொல்வாள். அந்த நன்றி தொண்டையில் சிராய்த்துக்கொண்டுதான் வெளியே வரும். இந்தக் குளிர்காலம் அதைச் சொல்லக் கூடாது. அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

அந்த வீட்டில் தோட்டா செய்வது வெர்னா. சுட்ட பித்தளைக் கூட்டைச் சுத்தம் செய்து, அச்சில் அழுத்திப் பழைய உருவத்துக்குக் கொண்டுவந்து, அடியில் பற்றவைக்கிற கேப்பு அமர்த்தி, வெடிமருந்தைத் தராசில் நிறுத்து உள்ளே ஊற்றி, மேலே குண்டைச் செருக வேண்டும். லைலும் ஒருமுறை உட்கார்ந்து பார்த்தான். ஊற்றிய கூட்டிலேயே திரும்ப ஊற்றி, மேசையெல்லாம் மருந்து வழிய, தராசு சரியில்லை என்று சொல்லிவிட்டு எழுந்து போனான். அதற்குப் பிறகு உத்தரவு போடுவது மட்டுமே அவன் வேலை. தோட்டா செய்கிறவர்களுக்கான கையேட்டில் ஒவ்வொரு மருந்துக்கும் எங்கே தொடங்கலாம் என்று ஒரு வரி இருக்கும், எங்கே கட்டாயம் நிறுத்த வேண்டும் என்று கடைசியில் ஒரு வரி இருக்கும். டட்டன் கிரீக் ஆண்கள் அத்தனை பேரும் அந்தப் புத்தகத்தைப் படித்திருந்தார்கள். எல்லாரும் படித்தது கடைசி வரியை மட்டும்தான்.

ஜூன் மாதம் ஒருநாள் சரளைக்குழியில் லைல் சுட்டுப் பழகுவதைப் பார்க்க வெர்னா கூடவே போனாள். அவன் தோட்டாக்களுக்கு நடுவே, கேப்பும் இல்லாத மருந்தும் இல்லாத ஒன்றைச் சத்தமில்லாமல் கலந்து வைத்தாள். லைல் காதடைப்பானை மாட்டினான். குறி பார்த்தான். அப்புறம் இரண்டு கண்ணையும் இறுக மூடி, முகத்தைத் திருப்பி, மூச்சை அடக்கி விசையை இழுத்தான். டிக்கென்று ஒரு சத்தம். அவ்வளவுதான் நடந்தது. ஆனால் லைலின் தோள் பின்னால் துள்ளியது. தொப்பி கழன்று விழுந்தது.

அவன் காதடைப்பானைக் கழற்றிவிட்டுத் தோளைத் தேய்த்துக்கொண்டான். "இது மத்ததவிடக் கொஞ்சம் கம்மிதான்," என்றான் யோசனையோடு. "ஆனாலும் நல்லாவே உதைக்குது."

வெர்னா தொப்பியை எடுத்துத் தூசி தட்டிக் கொடுத்தாள். முகத்தில் ஒரு சுருக்கம் கிடையாது. அவளுக்கு இரண்டு விஷயம் விளங்கிவிட்டது. மான்கள் பிழைத்துக் கிடப்பது துப்பாக்கியால் அல்ல, லைல் கண்ணை மூடுவதால். அடுத்தது, இந்த ஆளுக்கு உதை என்பது துப்பாக்கியிலிருந்து வருவதே இல்லை.

சமையலில் உப்பைக் குறைப்பது மாதிரி மருந்தை அள்ளிக் குறைத்துவிட முடியாது. மேக்னத்துக்குப் போடுகிற மருந்து நின்று எரிகிற ஜாதி. பெரிய கூட்டில் அதை அரைகுறையாக விட்டால் என்ன செய்யும் என்று அதற்கே தெரியாது. ஆகவே வெர்னா அதைத் தூக்கி அலமாரியில் வைத்துவிட்டு, குறைந்த அளவுக்கென்று கையேடு சொல்கிற, வேகமாக எரியும் இன்னொரு மருந்தை எடுத்தாள். முதல் வரியில் தொடங்கினாள். லைல் ஆலைக்குப் போன காலை நேரங்களில் சரளைக்குழியில் மணல் மூட்டைமேல் துப்பாக்கியைக் கிடத்தித் தானே சுட்டுப் பார்த்தாள். கொஞ்சம் ஏற்றுவாள், சுடுவாள், காகிதத்தைப் பார்ப்பாள், திரும்பப் போய்க் கொஞ்சம் ஏற்றுவாள். ஓரிடத்தில் குண்டுகள் துளைத்த ஓட்டைகள் எல்லாம் ஜாம் புட்டி மூடிக்குள் அடங்கின. அங்கேயே நிறுத்தினாள். அந்த ஊரில் நிறுத்தத் தெரிந்த ஆள் அவள் ஒருத்திதான்.

அந்த அளவில் மேக்னம் என்ன செய்தது? மாமனார் விட்டுப்போன சின்னத் துப்பாக்கி செய்ததைச் செய்தது. சுமக்கத்தான் கூடுதல் கனம்.

பெட்டியின்மேல் நகப்பூச்சால் சிவப்புப் பட்டை ஒன்று தீட்டி லைலிடம் கொடுத்தாள். "புது மருந்து. பழசைவிட வேகமா எரியும்," என்றாள். ஒரு சொல்கூடப் பொய்யில்லை. லைல் பெட்டியைக் கைக்குழந்தையை வாங்குவது போல வாங்கினான்.

முதல் நாள் குண்டுகள் வானத்துக்கும் பூமிக்கும் போயின. ஆனால் முன்பெல்லாம் இரண்டு சுட்டதும் கைவலி, காற்று சரியில்லை என்று வீட்டுக்கு வந்துவிடுகிறவன் இப்போது பெட்டி தீரும்வரை சுட்டான். குறி பார்க்கும் கண்ணாடிக் குழலான ஸ்கோப்பை அந்தத் தோட்டாவுக்குத் தகுந்த மாதிரி திருகி வைத்தான். ஆகஸ்டு முடிவதற்குள் அவன் கண் தானாகத் திறந்துகொண்டது. தோளுக்கு உண்மை தெரிந்துவிட்டது. வாய்க்கு மட்டும்தான் தெரியவில்லை.

வேட்டைக்கு முந்தைய சனிக்கிழமை ஊரே சரளைக்குழியில் கூடித் துப்பாக்கிகளைச் சரிபார்க்கும். லைல் சிவப்புப் பட்டைப் பெட்டியைத் திறந்து வைத்து, இதயம் பலவீனமானவர்கள் தள்ளி நிற்கலாம் என்றான். பிறகு அவன் சுட்ட சூட்டில் காகிதத்தின் நடுவில் ஒரே கிழிசல். அப்புறம் ஆளாளுக்கு அவன் துப்பாக்கியை வாங்கிச் சுட்டுப் பார்த்தார்கள். ஆலைக்காரன் ஒருவன் தன் கடைவாய்ப் பல்லில் அடைத்திருந்த ஈயம் கழன்றுவிட்டது என்றான். இன்னொருவனுக்குச் செத்துப்போன அப்பா எதிரே வந்து நின்று, போதும் மகனே என்று கைகாட்டினாராம். பாதிரியார் மட்டும் அப்படி ஒன்றும் உதைக்கவில்லையே என்றார். நரம்பு விஷயத்தை அலட்சியமாக விடக்கூடாது, டாக்டரைப் பாருங்கள் என்று எல்லாரும் அவருக்கு அக்கறையாகச் சொன்னார்கள்.

ராய்ஸும் சுட்டான். துப்பாக்கியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தண்ணீர் கேட்டான். "சகல, இது தோட்டா இல்ல, டைனமைட்டு," என்றான்.

மாலையில் அவனே வெர்னா தோட்டா செய்யும் கொட்டகைக்கு வந்து நின்றான்.

"மச்சினி, எனக்கும் ஒரு பெட்டி கட்டு."

"தாரேன். ஆனா உன் ஸ்கோப்பு கடைத் தோட்டாவுக்கு வெச்சது. இதைக் காகிதத்துல சுட்டுப் பாத்து மாத்தி வெச்சுக்கோ."

"மாத்துறதா? நான் வெச்ச குறி அந்த மலையைவிட ஆடாம நிக்கும்."

"வேற மருந்துன்னா வேற எடத்துல போயி விழும், ராய்ஸ்."

"துப்பாக்கியப் பத்தி எனக்கே சொல்றியா? நீ போயி உன் பீட்ரூட் ஊறுகாயப் பாரு."

வெர்னா அவனைப் பார்த்தாள். இந்தத் தோட்டா மெதுவாகப் போகும், தூரம் கூடினால் தாழ்ந்து விழும் என்று இன்னும் ஒரு வாக்கியம் சொன்னால் போதும். சொன்னால் ராத்திரிக்குள் மதுக்கடைக்குப் போகும், அங்கிருந்து லைலின் காதுக்கு வரும். காது கேட்டால் தோள் மறந்துவிடும், கண் மூடிக்கொள்ளும், ஃப்ரீசர் காலி. கழுத்துக் கறி அவள் கண்முன் வந்து நின்றது. பெட்டியை எடுத்து ராய்ஸின் கையில் வைத்துவிட்டு, அவன் சொன்னபடியே ஊறுகாயைப் பார்க்கப் போனாள்.

வேட்டை தொடங்கிய காலையில் லைல் ஆஸ்பென் மரங்களின் ஓரத்தில் ஒரு கொம்பு மானைக் கண்டான். கிட்டத்தில்தான் நின்றது. கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு சுட்டான். மான் சில அடி நடந்தது, யோசித்தது, படுத்துவிட்டது. குண்டு பட்ட வேகத்தில் அது இரண்டு மரக்கட்டைகளைத் தாண்டிக் குட்டிக்கரணம் போட்டதாக லைல் சொன்னான். அது படுத்த இடத்துக்குச் சுற்று வட்டாரத்தில் மரக்கட்டையே கிடையாது.

ராய்ஸ் பள்ளத்தாக்குக்கு இந்தப் பக்கம் இருந்தான், அவனுடைய எல்க் அந்தப் பக்கம் நின்றது. கிட்டத்தில் போய்ச் சுடுவது சின்னத் துப்பாக்கிக்காரர்கள் வேலை. அவன் சுட்டான். மானின் வயிற்றுக்குக் கீழே சரளையில் புழுதி எழுந்தது. திரும்பச் சுட்டான். மான் குனிந்து புழுதியை முகர்ந்து பார்த்தது. மூன்றாவது சத்தத்துக்குப் பிறகு, அவசரமில்லாமல் மேட்டுக்கு அந்தப் புறம் போய்விட்டது.

ராத்திரி மதுக்கடையில் ராய்ஸ் நடந்ததை விளக்கினான். குறி பிசகவில்லை. ஸ்கோப் ஆடவில்லை. தப்பு தோட்டாவில்.

"அவ்வளவு வேகம்ப்பா. உள்ள போயி வெளிய வந்துடுச்சு. மானுக்கே தெரியல. எங்கியோ இப்பவும் மேஞ்சுக்கிட்டுதான் இருக்கும், ஒடம்புல மூணு ஓட்டையோட."

ஒருவரும் சிரிக்கவில்லை. தலைகள் ஆடின. மேக்னத்தில் அப்படி நடப்பதுண்டு என்று பழைய ஆட்கள் சொன்னார்கள். லைல் சகலையின் முதுகைத் தட்டிக் கொடுத்து, அந்தத் தோட்டாவை அடக்கி வைக்க ஒரு தோள் வேண்டும், எல்லாருக்கும் அது வாய்க்காது என்றான். மறுநாளும் அதற்கு மறுநாளும் ஊர் ஆண்கள் ஓட்டை விழுந்த மானைத் தேடி மலையைச் சல்லடை போட்டார்கள். ஒருவன் தூரத்தில் பார்த்தே விட்டான். ஓட்டை வழியாக எதிர் மலை தெரிந்ததாம். இந்தத் தேடலிலேயே ராய்ஸின் வேட்டைக்காலம் முடிந்துவிட்டது.

பனி விழுந்தது. வெர்னா வெள்ளைக் காகிதத்தில் சுற்றிய பொட்டலங்களை எடுத்துக்கொண்டு போய் அக்கா வீட்டுக் கதவைத் தட்டினாள். கழுத்தும் முழங்காலும்.

"எடுத்துக்கக்கா. எங்க ஃப்ரீசர்ல எடமே இல்ல. நீ வாங்கிக்கிட்டா எனக்குத்தான் உதவி."

கோரா பொட்டலங்களைப் பார்த்தாள், தங்கையைப் பார்த்தாள், மறுபடி பொட்டலங்களைப் பார்த்தாள். கையில் எடுத்து எடையை அனுமானித்ததிலேயே எந்தத் துண்டு என்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று. வெகுநேரம் கழித்து நன்றி என்ற சொல் அவள் வாயிலிருந்து வந்தது. வெர்னா அது முழுதாக வெளியே வரும்வரை வாசலில் நின்று கேட்டாள்.

வீட்டில் லைல் முதுகுக் கறியை வெண்ணெயில் புரட்டித் தின்றுகொண்டே அடுத்த வருஷத்துக்கான உத்தரவைப் போட்டான்.

"இன்னும் கொஞ்சம் ஏத்து வெர்னா. இது எனக்குப் பழகிப்போச்சு."

சரி என்றாள். மறுநாள் கொட்டகையில் உட்கார்ந்து அதே மருந்தை அதே அளவு நிறுத்து ஊற்றினாள். பெட்டியின்மேல் சிவப்புப் பட்டைக்குப் பக்கத்தில் ஒரு மண்டையோடு வரைந்தாள். லைல் அதைத் தோளில் தாங்கிக்கொள்ள இரண்டு வாரம் தண்டால் எடுத்தான்.

கட்டையில் பன்றிக் காது போலக் கணு உள்ள அந்த மேக்னம் துப்பாக்கி இன்றைக்கும் டட்டன் கிரீக் இரும்புக்கடைச் சுவரில், தொழிற்சாலையில் பூசிய கிரீஸ் துடைக்கப்படாமல், இதுவரை ஒருவரும் இறக்கி வாங்காமல், விலைச்சீட்டோடு தொங்குகிறது.