எலும்பு கூடிய பிறகு

ஏற்காட்டு மலைமேல் வாழவந்தி கிராமத்தில் வீட்டில் உட்கார்ந்துகொண்டு அமெரிக்காக்காரர்களின் பழைய அடிகளுக்குக் கணக்கெழுதிக்கொண்டிருந்தான் மேக்ஸ்வெல். பத்து வருஷத்துக்கு முன் கால் முறிந்தவர் இன்னும் விந்தி நடக்கிறார், கொதிநீர் பட்ட கை இன்னும் மடங்கவில்லை என்று அந்த ஊர் டாக்டர்கள் எழுதுவதைப் படித்து, இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்காக அதற்குரிய நோய் எண்ணைப் போடவேண்டும். மெடிக்கல் கோடிங். அதிலும் ஆறின காயம் விட்டுப்போன மிச்சம்தான் அவன் பிரிவு. இப்போதைய தொல்லை முதலில், பழைய அடி அடுத்து. ஆனால் இது அதனால்தான் வந்தது என்று டாக்டர் எழுதியிருக்க வேண்டும். எழுதாததை ஊகித்துப் போட்டால் தணிக்கைக்காரர்கள் காதைத் திருகிவிடுவார்கள்.

இந்தச் சட்டம் அவனுக்கு ரொம்பவும் சௌகரியமாக இருந்தது. அவனுடைய மிச்சத்தை யாரும் எங்கேயும் எழுதவில்லை. ஆகவே அது இல்லை.

இரண்டு வருஷத்துக்கு முன் பனிமூட்டத்தில், சேலத்துக்கு இறங்கும் மலைப்பாதையின் உச்சியில், இறங்கும்போது முதலில் வரும் இருபதாவது வளைவில் பைக் சறுக்கிக் காலர் எலும்பு முறிந்தது. எலும்பு கூடிவிட்டது. அதற்கப்புறம் அவன் மலை இறங்கவே இல்லை. சேலத்தில் கல்யாணமோ சாவோ, மனைவி ஈவ்லின்தான் போய்த் தலைகாட்டுவாள். இவனுக்கு எப்போதும் வேலை தலைக்கு மேல்.

இந்த வாரம் கம்பெனியிலிருந்து மெயில் வந்தது. திங்கட்கிழமை முதல் எல்லோரும் சேலம் ஆபீசுக்கு வரவேண்டும். முடியாதவர்கள் சனிக்கிழமைக்குள் டாக்டர் கடிதம் அனுப்பவேண்டும். இரண்டும் இல்லையென்றால் வேலை இல்லை.

வெள்ளிக்கிழமை காலையிலிருந்து அவன் அடுப்படிக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருந்தான்.

“ஏனுங்க, ஊட்டுக்குள்ள நடக்கற இந்த நடைய ரோட்டுல நடந்திருந்தா இந்நேரம் சேலமே வந்திருக்குமுங்க” என்றாள் ஈவ்லின்.

“தோள் வலிக்குது. ஏற்காட்டுக்குப் போயி டாக்டரப் பாக்கலாம்.”

“நேத்து வரைக்கும் வலிக்கலியே?”

“வலின்னா சொல்லிட்டா வரும்?”

அவள் ஸ்கூட்டரை எடுத்தாள். அவன் பின்னால் உட்கார்ந்தான்.

டாக்டர் சுதாராணி கையைத் தூக்கச் சொன்னார். மேக்ஸ்வெல் பாதி தூக்கி, பல்லைக் கடித்துத் தன்னால் இயன்ற நடிப்பைக் காட்டினான். “இன்னும்” என்றார் அவர். கை துரோகி, விறுவிறுவென்று காதுவரை போய்விட்டது. அவர் எழுத ஆரம்பித்தார். தலைகீழாகவே படித்தான்: எலும்பு நன்றாகக் கூடியுள்ளது, குறை ஏதுமில்லை. இந்தச் சீட்டு அவன் மேஜைக்கே வந்திருந்தாலும் ஒரு எண் போட்டிருக்க மாட்டான்.

“டாக்டரம்மா, கீழ இன்னொரு வரி எழுதணுங்க.”

“என்னன்னு?”

ஈவ்லினைப் பார்க்காமல் சொன்னான். “இறக்கத்துல வண்டி திரும்பறப்ப காலு ரெண்டும் வெடவெடன்னு ஆடுதுங்க. மூச்சு மேல ஏறிக்குது. போன வருசம் பஸ்ல கெளம்பி, அந்த வளைவுலயே எறங்கி நடந்து வந்துட்டனுங்க.”

“பஸ்சு பஞ்சர்னு சொன்னீங்களே” என்றாள் ஈவ்லின்.

“பஞ்சர்தான். பஸ்சு இல்ல.”

அவள் சிரிக்கவில்லை. அவன் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டாள்.

“விழுந்ததுக்கு முன்னாடி இப்படி இருந்துச்சா?” என்று கேட்டார் டாக்டர்.

“இல்லீங்க.”

“அப்ப அதனாலதான்” என்று டாக்டர் சாதாரணமாகச் சொல்லி, எழுதினார். மூன்று மாதம் வீட்டிலிருந்தே வேலை செய்யலாம் என்று கம்பெனிக்குக் கடிதமும் கொடுத்தார். மேக்ஸ்வெல் அதை இரண்டு முறை படித்துவிட்டு எழுந்தான்.

“உக்காருங்க. இதுக்கு வைத்தியம் பாக்கணும். மனநல டாக்டர்கிட்ட சீட்டு எழுதித் தரேன், வாரம் ஒரு தடவ போகணும்.”

“எங்கங்க?”

“சேலத்துலதான்.”

வெளியே வந்ததும் ஈவ்லின் ஸ்கூட்டரை எடுக்காமல் பஸ் நிலையத்துக்கு நடந்தாள்; அவன் பின்னால் போனான். சேலம் பஸ் உறுமிக்கொண்டு நின்றது.

“இன்னைக்கு ஒரே ஒரு வளைவு” என்றாள் ஈவ்லின். “எறங்கி நடந்தே வந்துருவோம். நானும் வாரேன்.”

“ஒரு வளைவுக்குக் கண்டக்டர் டிக்கெட் தருவானா?”

“சேலத்துக்கே எடுத்துக்கலாம். எங்க எறங்குனாலும் அவருக்கென்ன?”

அவன் கைப்பிடிக் கம்பியைப் பிடித்தான். ஈரமான கை வழுக்கியது. பேன்ட்டில் துடைத்துக்கொண்டு மறுபடி பிடித்தான்.

“ஏறுறதுன்னா ஏறுங்க சார்” என்றார் கண்டக்டர்.

“செத்த இருங்க” என்றான் மேக்ஸ்வெல், ஒரு காலைப் படியில் வைத்தபடி. “ஜன்னலோரம் வேண்டாம் ஈவ்லின். நீ உக்காந்துக்கோ.”